உரோம வெள்ளிக்காசு கூறும் சான்று

பழங்காசுகளைத் தேடித் தொகுப்போர் பலர் உரோமரின் வெள்ளிக்காசிலே தனி நாட்டங் கொள்வர். விரல் நுனியளவான அச்சிறு காசுக்குத் தெனாரியஸ் என்பது பெயர். அதன் பெருமை அதிலுள்ள வெள்ளியாலா, அது தரும் செய்தியாலா என்பதே தொகுப்போர் முதற்கண் தெளிய வேண்டுவது.

கார்த்தேஜ் நகரத் தளபதி அனிபாலோடு உரோமர் பொருதுகொண்டிருந்த காலத்திலே, கி. மு. 211ஆம் ஆண்டளவில் இக்காசு தோன்றியது. ஒரு புறத்தில் தலைச்சீரா அணிந்த தெய்வமங்கையின் தலை. மறுபுறத்தில் குதிரையூர்ந்து விரையும் இரட்டையர். உயிரோடிருக்கும் தலைவனின் முகத்தைக் காசிற் பொறித்தல் உரோம நகரின் பழைய மரபன்று. கி. மு. 44இல் யூலியஸ் சீசர் அம்மரபைக் கடந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே கொலையுண்டார். கொன்றோருள் ஒருவராகிய புரூட்டஸ் பின்னர் வெளியிட்ட காசில் இரு குத்துவாள்களும், அவற்றிடையே விடுதலையைக் குறிக்கும் தொப்பியும் உள. ஆயினும், அதன் மறுபுறத்திலே புரூட்டஸின் முகமே பொறிக்கப்பட்டமை எண்ணத்தக்கது.

உருவங்களைப்போலவே காசின் எடையும் மாற்றும் வரலாறு கூறும். ஓர் உரோம இறாத்தல் வெள்ளியிலிருந்து 84 காசுகள் அடிப்பதே நெடுநாள் வழக்கம். கி. பி. 64இல் நீரோ மன்னன் அதனை 96 ஆக்கினான். வெள்ளியிற் செம்பையும் கலந்தான். கி. பி. 200ஐ அடுத்து, செப்திமியஸ் செவரஸ் காலத்தில், காசிற் பாதியளவே வெள்ளி இருந்தது. கி. பி. 270ஐ அண்டிய காலத்துக் காசுகளோ, மேலே வெள்ளிப் பூச்சுடைய செம்பென்றே சொல்லத்தக்கவை. படைச் செலவு பெருகப் பெருக அரசின் வாக்குறுதி மெலிந்தமைக்கு இக்காசுகளே சாட்சி.

அச்சாட்சி உரோமாபுரியோடு நின்றுவிடவில்லை. கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள வெள்ளலூரிலும் தென்னிந்தியாவின் பிற இடங்களிலும் தெனாரியஸ் காசுகள் புதையல்களாகக் கிடைத்துள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் இரு மன்னருடையவை. நீரோ குறைத்தடித்த வெள்ளிக்காசுகள் மிக அரியன. இதன் காரணம் யாது? நிறுத்தும் உரைத்தும் பொருள் கொள்ளும் வணிகர், கலப்பில்லாத பழைய காசையே விரும்பினர் என அறிஞர் பலர் கருதுவர். செருமானியரும் பழைய காசுகளையே நம்பி ஏற்றனர் என்று உரோம வரலாற்றாசிரியர் தசித்தஸ் எழுதியிருத்தல் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது.

இம்முடிபை எந்த ஒரு தனிக்காசும் தந்திருக்க இயலாது என்பதை மறத்தலாகாது. எவ்வூரில், எக்காசுகளோடு, எத்தனை கிடைத்தன என்னும் குறிப்பு இருந்தமையாலேயே அது புலனாயிற்று. புதையலொன்று பிரிக்கப்பட்டுப் பல பேழைகளிற் சிதறிவிடின், ஒவ்வொரு காசும் அழகாகவே இருக்கும். ஆனால், கூட்டாக அவை சொல்ல வந்த சொல் அழிந்துபோம். இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டமும், இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் கண்டெடுத்தோர் அரசுக்கு அறிவிக்க வேண்டுமென விதித்ததன் பயன் இதுவே.

ஆகவே, தொகுப்போர் காசு வந்த வழியை ஆராய்ந்து, இடமும் நாளும் எழுதி வைத்தல் வேண்டும். கறுத்த காசைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தல் தகாது. தேய்க்குந்தோறும் எழுத்தும் எடையும் குறையும். உள்ளே செம்பும் மேலே வெள்ளித் தகடுமாக அமைந்த பழங்காலப் போலிக்காசையும் எறிந்துவிடலாகாது. அதன் விளிம்பிற் காணும் வெட்டு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவன் ஐயுற்றுச் சோதித்ததன் அடையாளமாகலாம். வெள்ளியை விலைக்குப் பெறலாம். அழிந்த சான்றை எவ்விலை கொடுத்தும் மீட்க இயலாது.