பாரம் இறக்கிய பின் இதயம்

"பொம்பளைப் பிள்ளைக்கு எடை தூக்குற வேலை எதுக்கும்மா? நெஞ்சு கெட்டுப் போகும்!"

விளையாட்டுக் குழு மாணவியருக்கு எடைப் பயிற்சி தொடங்கப் போவதாக எங்கள் உடற்கல்வி ஆசிரியை அறிவித்த அன்று, அதை வீட்டில் சொன்ன எனக்குப் பாட்டியிடமிருந்து கிடைத்த பதில் இது. இதைச் சிரித்து ஒதுக்க என்னால் முடியவில்லை. ஏனெனில் முதல் நாள் பயிற்சியில் எடையைக் கீழே வைத்தபோது, யாரோ கதவை இடிப்பது போல் என் நெஞ்சு இடித்தது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணச் சொன்னார் ஆசிரியை. 15 விநாடிகளில் 34 துடிப்புகள். அதாவது நிமிடத்திற்கு 136. ஒரு நிமிடம் மெல்ல நடந்துவிட்டு மீண்டும் எண்ணினேன். இப்போது 27, நிமிடத்திற்கு 108.

"தூக்கும்போது இதயம் வேகமாக அடிப்பது இயல்பு. இறக்கிய பிறகு எப்படி அடங்குகிறது என்று கவனி" என்றார் ஆசிரியை. அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

சாட்டையும் கடிவாளமும்

இதயம் தானாகவே துடிக்கும் ஆற்றல் உடையது. அதன் வலது மேலறையில் உள்ள ஒரு சிறு கணு துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. நரம்புகளின் குறுக்கீடு ஏதுமின்றி விட்டுவிட்டால், அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஆனால் அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் நாடியோ பெரும்பாலும் 70 அளவில்தான் இருக்கிறது. மீதி முப்பது எங்கே போயிற்று?

குதிரை வண்டிக்காரர் ஒரு கையில் சாட்டையும் மறு கையில் கடிவாளமும் வைத்திருப்பார் அல்லவா? இதயத்திற்கும் அவ்வாறே இரண்டு உண்டு. பரிவு நரம்புகள் சாட்டை. அவை இதயத்தை முடுக்குகின்றன. எதிர்ப்பரிவு நரம்பான வேகஸ் கடிவாளம். அது இதயத்தை நிதானப்படுத்துகிறது. இலத்தீன் மொழியில் 'வேகஸ்' என்றால் அலைந்து திரிவது என்று பொருள். மூளையின் அடியில் முகுளத்தில் தொடங்கி, கழுத்து, நெஞ்சு, வயிறு என்று அலைந்து செல்வதால் அதற்கு இப்பெயர். நாம் அமைதியாக இருக்கும்போதும் வேகஸ் சும்மா இருப்பதில்லை. கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நூறு எழுபதாகக் குறைவது அதனால்தான். ஆகவே ஓய்வு என்பது வேலையற்ற நிலையன்று. உடல் இடைவிடாமல் செய்யும் ஒரு வேலையே எனலாம்.

ஓர் ஈஸ்டர் இரவு

வேகஸ் நரம்பு இதயத்திற்குத் தன் கட்டளையை எவ்வாறு தெரிவிக்கிறது? இதற்கு விடை கண்டவர் ஆஸ்திரிய நாட்டின் கிராட்ஸ் நகரில் பேராசிரியராக இருந்த ஆட்டோ லோவி. ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய இரவில் தூக்கத்தில் ஒரு சோதனைக்கான வழி தோன்றியதாகவும், விழித்து ஒரு துண்டுத்தாளில் கிறுக்கி வைத்ததாகவும், காலையில் தம் கையெழுத்தே தமக்குப் புரியவில்லை என்றும் அவரே பின்னர் கூறியுள்ளார்! மறுநாள் இரவு அதே எண்ணம் மீண்டும் தோன்றவே, இம்முறை தாமதியாமல் ஆய்வகத்திற்கு விரைந்தார்.

தவளை இதயங்கள் இரண்டை எடுத்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அதன் துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து மற்றதில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவாகத் துடித்தது! நரம்பு ஒரு வேதிப்பொருளின் மூலமாகவே பேசுகிறது என்பது தெளிவாயிற்று. 1921இல் வெளியான இந்த ஆய்வுக்காக, 1936இல் ஹென்றி டேல் அவர்களுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் லோவி. அந்த வேதிப்பொருளே அசிட்டைல்கோலின். அது நொடிப்பொழுதில் வேலை செய்து, நொடிப்பொழுதில் சிதைந்தும் விடுகிறது. வேகஸ் விரைந்து செயல்படுவதன் இரகசியம் இதுதான்.

தூக்கும்போதும் இறக்கிய பின்னும்

எடையைத் தூக்கத் தொடங்கியதும் வேகஸ் கடிவாளத்தைத் தளர்த்துகிறது. அடுத்துச் சாட்டை சுழல்கிறது. அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. இறுகிய தசைகள் தம்முள் ஓடும் இரத்தக் குழாய்களை நெருக்குவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இன்னும் ஏறும். 1985இல் கனடா நாட்டு ஆய்வாளர்கள், நன்கு பயிற்சி பெற்ற ஆண்கள் சிலரின் கைத் தமனியில் நுண்குழாய் செலுத்தி இதை அளந்தனர். இரு கால்களாலும் பெரும் எடையை உந்தித் தள்ளியபோது ஒருவருக்கு அழுத்தம் 480/350ஐயும் தாண்டியது. நமக்கு இயல்பானது 120/80 என்பதை எண்ணிப் பாருங்கள். "தூக்கும்போது மூச்சை வெளியே விடு, அடக்காதே" என்று ஆசிரியை ஓயாமல் சொல்வது ஏனென்று இப்போது புரிகிறது.

எடையை இறக்கியதும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அப்போது சிலருக்குத் தலை கிறுகிறுக்கும். கழுத்துத் தமனிகளிலும் இதயத்தை ஒட்டிய பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அவை முகுளத்திற்கு நொடிக்கு நொடி செய்தி அனுப்புகின்றன. அதற்கேற்ப வேகஸ் மீண்டும் கடிவாளத்தைப் பற்றுகிறது. முதல் நிமிடத்தில் நாடி இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். சாட்டை அடங்கவும், இரத்தத்தில் கலந்த அட்ரினலின் கரையவும் மேலும் நேரம் ஆகும்.

நாடி பழைய எண்ணுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. நலமான இதயம் கடிகாரம் போல ஒரே இடைவெளியில் துடிப்பதில்லை. மூச்சை உள்ளே இழுக்கும்போது சற்று விரைந்தும், வெளியே விடும்போது சற்று நிதானித்தும் துடிக்கிறது. இந்தச் சிறு ஏற்றத்தாழ்வு வேகஸ் விழிப்புடன் இருப்பதற்கு அடையாளம். எடைப் பயிற்சிக்குப் பின் இந்த ஏற்றத்தாழ்வு குறைந்துவிடுகிறது. அது திரும்ப அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். மிகக் கடுமையான பயிற்சியானால் மறுநாள் வரையிலும்கூட ஆகலாம். களைத்த தசைகளில் தேங்கும் பொருள்கள் அங்குள்ள நரம்பு முனைகளைத் தூண்டிக்கொண்டே இருப்பது இதற்கு ஒரு காரணம்.

ஒரு நிமிடத்தின் மதிப்பு

1999இல் அமெரிக்காவில் 2428 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று வெளியாயிற்று. ஓடுபொறியில் நடந்த பின், முதல் நிமிடத்தில் எவருடைய நாடி 12 துடிப்புகளோ அதற்குக் குறைவாகவோ இறங்கியதோ, அவர்களிடையே அடுத்த ஆறு ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. இது மருத்துவச் சோதனைக்கு வந்த பெரியவர்களைப் பற்றியது. மாணவியராகிய நாம் நம் நாடியை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் இதயத்தின் நலத்தை அது அடங்கும் விதமும் காட்டுகிறது என்பதை இந்த ஆய்வு உணர்த்துகிறது. முறையாகப் பயிற்சி செய்வோர்க்கு இந்த அடங்கும் ஆற்றல் வளரவும் செய்கிறது.

இதற்கு நாம் செய்ய வேண்டியவை எளியவையே. எடையை வைத்ததும் பொத்தென்று உட்காராமல் சற்று நடக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். கடும் பயிற்சிக்கு மறுநாள் அதே தசைகளுக்கு ஓய்வு தர வேண்டும். நன்றாக உறங்க வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் மறைக்காமல் சொல்லி மருத்துவரைக் காண வேண்டும்.

மூச்சை மெதுவாக விடுவதும் வேகஸுக்குத் துணை செய்யும். இதைப் பற்றி அருட்சகோதரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. 2001இல் வெளியான இத்தாலிய ஆய்வில், 23 பேர் ஜெபமாலையின் மங்கள வார்த்தை செபத்தை இலத்தீனில் சொன்னார்கள். ஒரு யோக மந்திரத்தையும் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 ஆக அமைந்தது. அழுத்தத்திற்கு ஏற்ப இதயத்தை நெறிப்படுத்தும் நரம்புச் செயலும் அப்போது மேம்பட்டது.

பாட்டிக்கு என் பதில்

2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக எடை தூக்கும் போட்டி நடந்தது. அதிலேயே நம் நாட்டின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். இதைப் பாட்டியிடம் சொல்லி, "எடை தூக்கினால் நெஞ்சு கெடாது பாட்டி" என்றேன். பிறகு, "நீங்கள் சிறுவயதில் எத்தனை குடம் தண்ணீர் சுமந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"காலையிலே பன்னிரண்டு, சாயங்காலம் ஆறு" என்றவர், சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "சுமந்தது பெரிசில்லைம்மா. இறக்கி வெச்சு மூச்சு விட யாரு விட்டா?" என்றார்.

நான் பல நாள் தேடிப் படித்ததைப் பாட்டி ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் அம்மாவும் குடத்தை இறக்கிய கையோடு அடுப்படிக்குத்தான் ஓடுவார். இப்போதெல்லாம் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, மணிக்கட்டில் விரல் வைத்து, "ஒரு நிமிஷம் அம்மா, நாடி எண்ணணும்" என்கிறேன். எண்ணி முடிக்கும் வரையிலாவது நிற்கிறார்.

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு