யாழ்நகரில் ஒரு பகல்

தர்மபுரத்திலிருந்து யாழ்ப்பாணம் சென்று மாலையில் மீள விரும்பும் குடும்பத்தினர் விடியற்காலையிலேயே புறப்படுதல் நன்று. பரந்தன் சந்தியிற் கண்டி வீதியை அடைந்து வடக்கே திரும்பினால், ஆனையிறவு உப்பளம் சிறுவரின் கண்ணைக் கவரும். 2006இல் மூடப்பட்ட இவ்வீதி, 2009இற் போர் முடிந்த பின்னரே பொதுமக்களுக்கு மீண்டும் கிடைத்தது. வன்னிப் பிள்ளைகள் பலர் அதுவரை யாழ்நகரைக் கண்டதில்லை.

முதலிற் கோட்டைக்குச் செல்லுங்கள். வெயில் ஏறினால் அங்கே நிழல் அரிது. போர்த்துக்கேயர் நாற்கோணமாக எழுப்பிய அதனை, 1658இற் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாகக் கட்டினர். மதில்மேல் நின்று மூலைகளை எண்ணும்படி பிள்ளைகளிடம் சொல்லலாம்.

அண்மையிலேயே பொது நூலகம் உள்ளது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. வெண்ணிறக் கட்டடம் மீள எழுந்துவிட்டது. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளோ போனவை போனவையே. சிறுவரென்று கருதி இதனை மறைக்கலாகாது என்பது எமது எண்ணம். வாசிகசாலையிற் சிறிது நேரம் அவர்களை அமர்த்துங்கள்.

பின்னர் கடைத்தெரு. பனங்கட்டிக்குப் பேரம் பேசுவது தாய்மாரின் துறை, யாம் தலையிடோம். பரந்தனில் இறங்கி முல்லைத்தீவு வண்டிக்கு மாறவேண்டியவர்கள், இருட்டுமுன் பேருந்து நிலையத்தை அடைக.