பருப்பை வேகவிடாத பழைய கடல்

அரியலூர்ப் பக்கம் சில ஊர்களில் போர் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால், கேஸ்தான் தீரும், பருப்பு மலராது. பருப்பின் செல்களைப் பிணைத்து வைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. தண்ணீரில் கால்சியம் மிகுந்தால் அந்தப் பசை இளகாமல் இறுகிவிடும். அதனால் சமையலுக்கு நல்ல தண்ணிக் குடம் தனி. குளிக்க, துணி அலச, கழுவ உப்புத் தண்ணி.

அந்தக் கால்சியம் கடல் விட்டுப்போனது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், இங்கே அலையடித்தது. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் சிப்பிகள் இன்றும் அப்படியே பதிந்திருக்கின்றன. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகி, இந்தச் சுண்ணாம்பைக் கரைத்தபடி இறங்குகிறது. காய்ச்சினால் வாயு பிரிந்துவிடும். சுண்ணாம்பு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும்.

காரை என்னும் ஊர்ப்பக்கத்துக் களிமண்ணில் இந்தக் காய்ச்சும் வித்தை பலிக்காது. அங்கே ஜிப்சம், வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல மின்னும். அது கரைந்த தண்ணீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கடினத்தன்மை போகாது. போதாததற்கு, களிமண் தன் கனஅளவில் பாதிவரைகூட நீரைக் குடித்துக்கொள்ளும். ஆனால் இடுக்குகள் அத்தனை நுண்மையானவை என்பதால் கிணற்றுக்குச் சொற்பமே விடும்.

மேற்கே பெரம்பலூரில் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் என்னும் கடும்பாறைகள். மேலே சிதைந்த அடுக்கிலும் கீழே வெடிப்புகளிலும் மட்டும்தான் நீர். ஒரு கொல்லையில் போர் ஊறும், பக்கத்துக் கொல்லையில் புழுதி பறக்கும். இது ராசியல்ல, வெடிப்பு ஓடும் திசை. ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெறும் பூமியை மழையில்லாச் சீமை என்பது எனக்கு ஒப்பில்லை. அந்த மழையில் பெரும்பகுதி சில மாதங்களில் கொட்டித் தீர்வதும், அதை வாங்கிவைக்க நிலத்தடியில் இடமில்லாததும்தான் சங்கடம்.

இடமிருப்பது கொள்ளிடம் ஆற்று மணலில். நீரைப் பிடித்துவைக்கும், கேட்டால் கொடுத்தும்விடும். பெரம்பலூர் நகரம் குடிப்பதும் கொள்ளிடத் தண்ணீர்தான். அந்த மணலை லாரியில் ஏற்றுவது தண்ணீர்த் தொட்டியையே பெயர்த்து விற்பதற்குச் சமம்.

வீட்டுத் தண்ணீருக்கு வந்தால், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருந்தால் நல்லது, வேறு வழியில்லையேல் 600 வரை ஏற்கலாம் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரநிலை. அதைத் தாண்டும் வீடுகள் ஆர்ஓ மாட்டுகின்றன. அது ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கும். கழிவை வாளியில் பிடித்தால் பாத்திரம் தேய்க்கலாம், வாசல் கழுவலாம். கறிவேப்பிலைச் செடிக்கு மட்டும் தினமும் ஊற்றவேண்டாம். மண்ணில் உப்பு ஏறும்.