அறுபதாம் பிறந்தநாளுக்கு ஒரு நடை

மணிவிழா என்றால் நம் வீடுகளில் கணவருடைய வயதைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அவருக்கு 60 நிறைந்தால் திருக்கடையூர், மாலை, மறுபடி ஒரு தாலி, பேரன் பேத்திகள் சூழ ஒரு போட்டோ. எங்களுக்கும் எல்லாம் சிறப்பாகவே நடந்தது. அப்போது எனக்கு வயது 56. எனக்கு 60 நிறைகிற நாள் எது என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் சட்டென்று சொல்லத் தெரியாது. நாமும்தான் சொல்லிக்கொள்வதில்லையே!

இந்தத் தை மாதம் அந்த நாள் வந்தது. "ஒரு பட்டுப்புடவை எடுத்துக்கோயேன்" என்றார் இவர்.

"புடவை வேண்டாங்க. மண்டகப்பட்டுலேர்ந்து செஞ்சிக்கு நடந்து போகணும்."

"இருபது கிலோமீட்டர் வருமே! சர்க்கரை வேற, முட்டி வலி வேற. இந்த வயசுல எதுக்கு இந்த வேலை?"

அவர் பயந்ததில் தவறில்லை. ஆனால் இது ஒரே நாளில் தோன்றிய ஆசை அல்ல. அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்று ஒரு பாட்டி. 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955-ல், 67-வது வயதில், "நடந்துவிட்டு வருகிறேன்" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாதாரணக் கேன்வாஸ் ஷூ, தானே தைத்த ஒரு துணிப்பை. 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக, ஒரே பயணத்தில் நடந்து முடித்த முதல் பெண் அவர்தான். அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து, 20 கிலோமீட்டர் எனக்கு எட்டாத தூரமாகத் தோன்றவில்லை.

மூன்று மாதத் தயாரிப்பு

ஐப்பசியிலேயே டாக்டரம்மாவிடம் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்தம், முட்டி எல்லாம் காட்டினேன். "தாராளமா நடங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க" என்றார். முதல் வாரம் தினம் 3 கிலோமீட்டர். பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட நடை. அதை வாரம் ஒரு கிலோமீட்டராகக் கூட்டி 15 வரை கொண்டுவந்தேன். மழை நாளில் கூடத்திலேயே குறுக்கும் நெடுக்கும் நடை! ஷூவைப் புதிதாக அன்றைக்கே போடாமல் ஒரு மாதம் முன்னதாகவே பழக்கினேன். நெடுந்தூரம் நடந்தால் பாதம் சற்று வீங்கும். அதனால் விரல் நுனியில் இடம் இருக்கிற அளவு வாங்குவது நல்லது.

கற்கோயிலிலிருந்து கோட்டைக்கு

அன்று விடிந்ததும் நானும், நாத்தனாரும், மகளும் மண்டகப்பட்டுக் குடைவரைக் கோயில் முன் நின்றோம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எடுத்தது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கட்டியதாக அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. என் பிறந்தநாளும் அப்படித்தான்: மேளம் இல்லை, மாலை இல்லை, பந்தி இல்லை. இரண்டு பக்கமும் நிற்கிற துவாரபாலகர்களைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

சாலையின் வலது ஓரமாகவே நடந்தோம். எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். மணிக்கு ஒருதரம் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். கையில் உப்புப் போட்ட மோர், புளியோதரை, வேர்க்கடலை உருண்டை. மயக்கமாக வந்தால் உடனே வாயில் போட என் இடுப்புப் பையில் சர்க்கரைப் பொட்டலம்.

கழிப்பறைதான் பெரிய கவலை. வெளியே போனால் தண்ணீரே குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழக்கம். நீர்க்கடுப்பும் மயக்கமும் அதனால்தான் வருகின்றன. வழியில் பெட்ரோல் பங்க் எங்கெங்கே இருக்கிறது என்று மகள் முன்னாலேயே பார்த்து வைத்திருந்தாள். ஆகவே பயமில்லாமல் தண்ணீர் குடித்தோம்.

கடைசி நாலு கிலோமீட்டர் இருக்கும்போது, பஸ்ஸில் வந்து இறங்கி இவரும் சேர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு நடக்கறது இவ்வளவு பிடிக்கும்னு நீ சொன்னதே இல்லையே" என்றார்.

"நீங்க கேட்டதே இல்லையே" என்றேன். சிரித்துவிட்டு, என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

எதிரே உருண்டைப் பாறைகளை அடுக்கி வைத்தாற்போலச் செஞ்சி மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் இணைத்த கோட்டை இது. 1677-ல் சிவாஜி கைப்பற்றினார். பின்பு அவர் மகன் ராஜாராமை முகலாயர் 1698 வரை எட்டாண்டு முற்றுகையிட்டார்கள். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

மறுநாள் மகள் ராஜகிரி ஏறினாள். 240 மீட்டர் உயரம். என் முட்டி "போதும்" என்றது. நானும் நாத்தனாரும் கீழேயே கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் சுற்றிப் பார்த்தோம்.

நீங்களும் நடக்கலாம்

எல்லாரும் 20 கிலோமீட்டர் நடக்கத் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிஷமாவது விறுவிறுப்பான நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி, வாரம் ஐந்து நாள் போதும். சர்க்கரை உள்ளவர்கள் இரவில் பாதத்தில் கொப்புளம், வெடிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். நெஞ்சு அழுத்தினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நின்று, டாக்டரைப் பார்க்கவேண்டும்.

இன்னொன்று: உங்கள் பிறந்தநாளைக் காலண்டரில் நீங்களே பெரிதாக வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கு என்ன ஆசை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வீட்டில் எல்லார் கண்ணிலும் படட்டுமே!