புல்லட்டை வெட்டி 'டிரையல்ஸ்' பைக் ஆக்குவதா? ஒரு மாற்றத்துக்கு ரூ.5 ஆயிரம் அபராதம், ஜெயிலும் உண்டு!

திருவொற்றியூர்:

நம்ம திருவொற்றியூர் வண்டி புல்லட். அதை வாங்கிய கையோடு சில வாலிபர்கள் நேராக மெக்கானிக் ஷெட்டில் கொண்டு போய் நிறுத்துகிறார்கள். பின் சீட்டை கழற்று, மட்கார்டை வெட்டு, சைலன்சரை மேலே தூக்கு, பட்டன் டயர் மாட்டு என்று ஆர்டர் பறக்கிறது. என்ன இது என்று கேட்டால், 'டிரையல்ஸ் மாடல்' என்கிறார்கள்.

டிரையல்ஸ் பைக் என்றால் என்ன? அதை எப்படி பராமரிக்கிறார்கள்? நம்ம ஊர் புல்லட்டை அப்படி மாற்ற முடியுமா? மாற்றினால் போலீஸ் பிடிக்குமா? 20 ஆயிரம், 30 ஆயிரம் என்று கடன் வாங்கி செலவு செய்யும் முன் தெரிந்து கொள்வது நல்லது.

கால் பட்டால் மார்க்

டிரையல்ஸ் என்பது ரேஸ் அல்ல. வேகமாக வந்தவனுக்கு இங்கே பரிசு கிடையாது. பாறை, ஓடை, வழுக்கும் சேறு, செங்குத்து மேடு என்று கயிறு கட்டி பாதை போட்டிருப்பார்கள். அதில் கால் தரையில் படாமல் வண்டியை ஏற்றி இறக்க வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 மார்க், 2 தடவை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. கீழே விழுந்தாலோ, பாதையை விட்டு வெளியே போனாலோ 5 மார்க். கடைசியில் யாருக்கு மார்க் குறைவோ அவர்தான் ஜெயித்தவர். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்!

பல இடங்களில் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். ஓட்டுபவர் உட்காரவே மாட்டார். அதனால் இன்றைய டிரையல்ஸ் பைக்கில் சீட்டே இருக்காது. எடை 70 கிலோ சொச்சம்தான். பெட்ரோல் டேங்க் 2, 3 லிட்டர் பிடித்தால் அதிகம். ஸ்பெயின் நாட்டு வீரர் டோனி போ இப்படிப்பட்ட மோன்டேசா வண்டியில் 2007 முதல் 2024 வரை ஒரு வருஷம் கூட விடாமல் உலக பட்டம் வாங்கினார்.

புல்லட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1948-ம் வருஷம் நடந்த கோல்மோர் கோப்பை டிரையல்ஸ் போட்டியில்தான் புதிய புல்லட் முதன்முதலில் தலை காட்டியது. அந்த காலத்தில் பெரும்பாலான வண்டிகளுக்கு பின்னால் ஷாக் அப்சார்பர் கிடையாது. புல்லட்டில் பின் சக்கரம் மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்ம் வைத்து கொண்டு வந்தார்கள். பாறையில் சக்கரம் எகிறாமல் தரையை பிடித்துக் கொண்டதை பார்த்து மற்ற கம்பெனிகளும் பிறகு அந்த வழிக்கு வந்தன.

ஜானி பிரிட்டன் என்ற வீரர் எச்.என்.பி. 331 என்ற நம்பர் கொண்ட புல்லட்டில் ஸ்காட்லாந்து 6 நாள் போட்டியில் பேர் வாங்கினார். 1952, 1957 ஆகிய 2 வருஷங்களில் அந்த போட்டியில் பட்டமும் வென்றார். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து புல்லட் சென்னைக்கு வந்தது. இங்கிலாந்தில் தயாரிப்பு நின்ற பிறகும் இங்கே நிற்கவில்லை.

அந்த பழைய பெருமையை வைத்து 2019 மார்ச்சில் ராயல் என்பீல்டு கம்பெனியே 'புல்லட் டிரையல்ஸ்' என்று 350, 500 சி.சி.யில் 2 வண்டிகளை விட்டது. ஒற்றை சீட்டு, தூக்கிய சைலன்சர், பட்டன் டயர். 2020-ல் அதை நிறுத்தி விட்டார்கள். இன்று ஷெட்டில் வெட்டப்படும் பல புல்லட்டுகள் அந்த வண்டியை பார்த்து போட்ட காப்பிதான். ஆனால் கம்பெனி விட்ட வண்டியே 180 கிலோவுக்கு மேல். போட்டி வண்டியை போல 2 மடங்குக்கும் அதிகம். தோற்றம் டிரையல்ஸ், எடை புல்லட். அவ்வளவுதான்.

புல்லட் மாதிரி கனமான வண்டிகளின் காலம் 1965-லேயே முடிந்து விட்டது. 500 சி.சி. ஏரியல் வண்டியை இழைத்து இழைத்து எடை குறைத்து ஜெயித்துக் கொண்டிருந்த சாமி மில்லர், அந்த வருஷம் 100 கிலோ கூட இல்லாத புல்டாகோ டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஸ்காட்லாந்து போட்டியில் ஜெயித்தார். அதோடு பெரிய வண்டிகள் ஓரம் கட்டப்பட்டன.

பராமரிப்பு எப்படி?

டிரையல்ஸ் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓட்டுகிற நேரத்தை விட கழுவி துடைக்கிற நேரம்தான் அதிகம். சேறும் தண்ணீரும்தான் எதிரி. ஒவ்வொரு தடவை ஓட்டிய பிறகும் ஏர் பில்டர் ஸ்பாஞ்சை கழற்றி கழுவி, காய வைத்து, அதற்கான எண்ணெய் தடவி மாட்ட வேண்டும். தூசி உள்ளே போனால் பிஸ்டன் காலி.

வாட்டர் சர்வீசில் பிரஷர் தண்ணீரை சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் பக்கம் நேராக அடிக்கக் கூடாது. கிரீஸ் வெளியே வந்து தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும். இது எல்லா பைக்குக்கும் பொருந்தும். நம்ம ஊரில் தினமும் நடக்கிற தப்பும் இதுதான்.

கிளட்சை பாதி பிடித்தபடியே ஓட்டுவதால் கியர் ஆயிலை அடிக்கடி மாற்றுகிறார்கள். டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 10 முதல் 15 மில்லி போதும். பழைய வண்டி பழக்கத்தில் கூடுதலாக ஊற்றினால் பிளக் அடைத்துக் கொள்ளும்.

டயர் விஷயம்தான் பலருக்கும் நம்ப முடியாதது. பின் டயரில் 4, 5 பவுண்டு காற்றுதான் வைப்பார்கள். டயர் அப்பளம் மாதிரி அமுங்கி பாறையை கவ்வ வேண்டும். இதை கேட்டு புல்லட்டில் காற்றை இறக்கி விடாதீர்கள். அந்த போட்டி டயரின் அமைப்பே வேறு. பின்னால் டியூப் இல்லாத டயர். டியூப் போட்ட சக்கரத்தில் காற்று குறைந்தால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபையும் இழுத்து வால்வை பிய்த்து விடும். ரோட்டில் ஓடும்போது பிய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

மாற்றம் என்றால் இதுதான்

போட்டிக்காரர்கள் செய்யும் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. இன்ஜின் மெதுவாக சுற்றும்போது அணையாமல் இருக்க பிளைவீலில் எடை சேர்ப்பார்கள். முன் ஸ்பிராக்கெட்டில் பல்லை குறைப்பார்கள். 16 பல் இருந்த இடத்தில் 15 போட்டால் ஏறுகிற இழுவை கூடும், அதே இன்ஜின் வேகத்தில் வண்டி சுமார் 6 சதவீதம் மெதுவாக போகும். இன்ஜின் அடியில் பாறை இடிக்காமல் இருக்க அலுமினிய தகடு போடுவார்கள். புட்ரெஸ்டை கொஞ்சம் தாழ்வாகவும் பின்னாலும் தள்ளுவார்கள். கையில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள்; ஆள் விழுந்தால் கயிறு இழுத்து இன்ஜின் தானாக ஆப் ஆகி விடும். சத்தம் கூட்டுவது இந்த பட்டியலில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும். வண்டிக்கு இல்லை, மாற்றத்துக்கு! 3 இடத்தில் கை வைத்தால் ரூ.15 ஆயிரம். சைலன்சர் சத்தம், புகை தனி கேஸ். அதற்கு ரூ.10 ஆயிரம் வரை அபராதம், 3 மாதம் வரை ஜெயில், லைசென்சும் 3 மாதம் போகும். இன்ஜினை மாற்றுவதாக இருந்தாலும் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

பின் சக்கரத்தில் சேலை சிக்காமல் இருக்க வைத்திருக்கும் கம்பியை 'லுக் போச்சு' என்று முதலில் கழற்றுகிறார்கள். பின்னால் ஆள் உட்காரும் வண்டியில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது விதி. அக்காவோ அம்மாவோ பின்னால் உட்கார்ந்து வரும் வண்டியில் அந்த கம்பி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் போட்டோ எடுப்பது வண்டியைத்தான். மாற்றத்தை சொல்லாமல் மறைத்திருந்தால், கிளெய்மை தள்ளுபடி செய்ய அவர்களுக்கு நாமே காரணம் கொடுத்தது போல ஆகி விடும்.

ஆசை தீராதவர்கள், ரோட்டுக்கு கொண்டு வராமல் தனியார் நிலத்தில் மட்டும் ஓட்ட பழைய 100 சி.சி. வண்டி ஒன்றை வைத்து பழகலாம். எடை குறைவு, விழுந்தாலும் செலவு குறைவு. அதற்கும் ஹெல்மெட், பூட்ஸ் கட்டாயம் வேண்டும்.

ஏற்கனவே புல்லட்டை மாற்றியவர்கள், கழற்றிய சைலன்சரையும் மட்கார்டையும் காயலான் கடையில் போட்டு விடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து மறுபடி மாட்டி விடுவது நல்லது. 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிறுத்தும் போது, அந்த பழைய சைலன்சரைத்தான் புதுப்பேட்டை முழுக்க தேடி அலைய வேண்டி வரும்.