கோப்பையில் தேன்: நெல்லிவாசல்நாட்டுக்கு ஓர் ஆற்றுப்படை

மலையேறப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு ஒருவர் வழி சொல்கிறார். தினைப்புனத்துக்கு வரும் காட்டுப்பன்றியைப் பிடிக்க ஒற்றையடிப் பாதையில் கற்பொறி வைத்திருப்பார்கள், அதனால் விடிந்த பிறகு நடங்கள். யானையை விரட்டக் கவண்கல் பறக்கும், மரத்தின் பின்னே ஒதுங்கிப் போங்கள். பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் இடத்தைக் கும்பிட்டு வலப்பக்கமாகக் கடந்துவிடுங்கள். இத்தோடு அவர் நிறுத்தவில்லை. எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும், யார் வீட்டில் உரிமையோடு நுழையலாம், மூங்கில் குழாயில் விளைந்த தேன்கள்ளை இரவு மூக்கு முட்டக் குடித்துவிட்டால் மறுநாள் காலையில் மயக்கம் தெளிய எதைத் தின்ன வேண்டும் என்பது வரை சொல்லிவிடுகிறார்.

பத்துப்பாட்டில் கடைசியாக நிற்கும் மலைபடுகடாம் அது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள். பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து செங்கத்தைத் தொட்டு ஓடும் செய்யாறு. பாட்டில் வரும் நவிரமலை என்பது பருவதமலைதான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். இப்படி வழிகாட்டுவது இன்று ஒரு தொழில். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரிலும் ஜார்ஜியாவின் திபிலிசியிலும் இன்று நாலைந்து பேரை ஒரு உள்ளூர்க்காரர் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறார். ஒரு கடையில் பாலாடைக்கட்டி, ஒரு நிலவறையில் உள்ளூர் ஒயின், நடுநடுவே ஊர்க்கதை. இப்படி நடத்திக் காட்ட நல்ல காசும் வாங்குகிறார்கள். புதுத் தொழில் என்று வியப்பவர்கள், இந்த மலையடிவாரத்தில் அதற்கு இரண்டாயிரம் ஆண்டு பழைய கையேடு ஒன்று இருப்பதை அறிந்திருக்க மாட்டார்கள். அந்தக் கையேட்டில் கட்டணம் மட்டும்தான் இல்லை. போகிறவர்களுக்கே நன்னன் பரிசு கொடுத்து அனுப்புவான்!

ஜவ்வாது மலைத்தொடர் இன்று திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர், பீமன்மடவு அருவி, கோடை விழா என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் திருவண்ணாமலை மாவட்டப் பக்கம். நெல்லிவாசல்நாடு மறுபக்கம். திருப்பத்தூரிலிருந்து மலைப்பாதை ஏறிப் போனால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள். ஒவ்வொரு நாடும் சரிவிலும் பள்ளத்திலும் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்களின் கூட்டம். 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகும் இந்தப் பக்கம் சுற்றுலாக்காரர் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லோரும் ஏலகிரிக்குப் போய்விடுகிறார்கள். அது ஒரு வகையில் நெல்லிவாசலின் நல்லூழ்.

இங்கே வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. மலை அதற்கும் மூத்த கதைகளை வைத்திருக்கிறது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் இந்த மலைக்காடுகளில் அலைந்து நடுகற்களையும் புதிய கற்காலக் கற்கோடாரிகளையும் பதிவு செய்திருக்கிறார்கள். கோடாரிகள் பல, மரத்தடியில் சாமியாக நின்று பொங்கல் வாங்கிக்கொண்டிருந்தவை. நெல்லிவாசலில் நடப்பவருக்கு நல்ல வழிகாட்டி வாய்த்தால், அருவிக்கு முன்னால் அவர் காட்டவேண்டியது இந்த மரத்தடிகளைத்தான். செருப்பை எங்கே கழற்றவேண்டும், எந்தக் கல்லைப் படம் எடுக்கக்கூடாது என்பதை ஊர்க்காரர்தான் சொல்ல முடியும். கூகுள் வரைபடம் சொல்லாது.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்த மலையின் தலையாய தானியம் சாமை. ஆனி, ஆடி மழைக்கு விதைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் கதிர் முற்றி நிற்கும். சரிவு நிலம், சரளை மண், வானம் பார்த்த விவசாயம் என்று நெல் முகம் சுளிக்கும் இடத்தில் சாமை விளையும். உரமும் அதிகம் கேட்காது. அதைத் தின்னும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் பாடு. சாமையின் மேல்தோல் கெட்டி. உரலில் போட்டு இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டு, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் ஒரு வேளைச் சோற்றுக்கு அரிசி. ரேஷன் அரிசி வந்ததும் மலைப் பெண்கள் சாமையைக் கைவிட்டதைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. குத்தாமலே மூட்டையாகக் கட்டி அடிவார வியாபாரியிடம் போட்டுவிட்டு, அந்தக் காசில் பொன்னி அரிசி வாங்கிப் போவதே வழக்கமாகிவிட்டது. அதே சாமை ஆலைக்குப் போய்ப் பளபளப்பான பையில் சென்னைக் கடைக்கு வரும்போது விலையே வேறு. 2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நட்சத்திர விடுதிகளில் சாமைப் பாயசம் பரிமாறினார்கள். விளைவித்தவர் கைக்கு அதில் எவ்வளவு வந்தது என்று யாரும் மேடையில் கேட்டதாகத் தெரியவில்லை.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. பழங்குடி உழவர்களே சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனம் சாமையை வாங்கி, தோல் நீக்கி, பொட்டலமிட்டு விற்கிறது. திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் 2019-இல் அத்தியந்தல் 1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டது. ஆனால் ருசிக்கென்று போகிறவர்கள் மலை வீட்டில் அன்றைக்குக் குத்தி அன்றைக்கே பொங்கிய சாமைச் சோற்றைத்தான் கேட்கவேண்டும். ஆலையில் தீட்டியது வெளுத்துப் போய் நொய் போல இருக்கும். கையால் குத்தியதில் தவிட்டின் சாம்பல் நிறமும் லேசான கசப்பும் மிச்சம் நிற்கும். அதற்கு மேலே மொச்சைக் குழம்போ, கொள்ளுக் கடைசலோ, புளி தூக்கலான கீரையோ. நாட்டுக்கோழி வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கோழியைப் பிடிக்கவே பாதி நாள் ஆகும். கேழ்வரகுக் களி என்றால் உருண்டையைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்குங்கள். மென்றால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

மலைபடுகடாம் தரும் சாப்பாட்டுப் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கடமான் தசை, முள்ளம்பன்றி, உடும்பு எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு போயிற்று. ஆனால் அவரைப் புளிங்கூழ், பலாக்கொட்டை, புளி கலந்த மோர், மூங்கிலரிசி எல்லாம் இன்றும் இந்தப் பக்கத்து நாக்குகளுக்கு அந்நியமில்லை. புளியும் பலாவும் இன்றைக்கும் இந்த மலையின் காசுப் பயிர்கள்.

மிச்சமிருப்பது தேறல், அதாவது பாட்டில் வரும் அந்த மூங்கில் குழாய்த் தேன்கள். போர்ட்டோ நடையின் உயிரே அந்தக் கோப்பைதான். நெல்லிவாசல்நாட்டில் அந்த இடத்தில் எதை வைப்பது?

சட்டம் முதலில். 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதிலிருந்து இந்த மாநிலத்தின் குடி வரலாறு பூட்டுவதும் திறப்பதுமாகப் போயிருக்கிறது. கள்ளுக்கு 1987 ஜனவரி 1 முதல் தடை. டாஸ்மாக்கில் அயல்நாட்டுப் பெயர் தாங்கிய சரக்கு தாராளமாகக் கிடைக்கும், மரத்தில் இறக்கிய கள் கிடைக்காது. கோவாவில் முந்திரி ஃபெனிக்கு 2009-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. மத்தியப் பிரதேசம் 2022-இல் கொள்கை வகுத்து, பழங்குடியினர் இலுப்பைப்பூவில் காய்ச்சும் மதுவைப் பாரம்பரிய மதுவாக விற்க வழிவிட்டது. இவற்றைக் காட்டி, நம் மலைகளிலும் அப்படி ஒரு மதுவை விற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் தவறில்லை.

ஆனால் நெல்லிவாசல்நாட்டுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. இந்த மலைகளில் இன்று மறைவில் காய்ச்சப்படுவது பெரும்பாலும் வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறவைத்து, கீழ்நாட்டுச் சந்தைக்காக அவசரத்தில் வடிக்கும் சாராயம். சங்கப் பாட்டின் தேறலோடு அதற்கு உறவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே பழி கல்வராயன் மலையின் தலையில் விழுந்தது. அங்கே வாழ்பவர்களும் இதே மலையாளிகள்தான். மெத்தனால் மலையில் விளைகிற பொருளில்லை, தொழிற்சாலையிலிருந்து வருவது. ஆனாலும் சோதனைக்கு வீட்டுக் கதவுகளைத் தட்டுவது மலையில்தான் முதலில் நடக்கிறது. இப்படிப்பட்ட ஊருக்குப் போய், 'உள்ளூர்ச் சரக்கு ஏதாவது கிடைக்குமா' என்று வழிகாட்டியின் காதைக் கடிக்கிற சுற்றுலாக்காரர் அந்த இளைஞனுக்கு வழக்கு வாங்கித் தருகிறார். அவ்வளவுதான்.

கோப்பை காலியாக இருக்கவேண்டாம். தேன் இருக்கிறது. ஒயின் ரசிகர்கள் பேசும் மண்வாசம், பருவம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் குணம் என்ற எல்லாக் கணக்கும் தேனுக்கு அப்படியே பொருந்தும். பாறை முகட்டில் பெரிய ராட்டு கட்டும் மலைத்தேனீயின் தேன் நீர்த்து, கறுத்து, கொஞ்சம் காரமாக இருக்கும். மரப்பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் தேனீயின் தேன் கெட்டி, சாந்தமான இனிப்பு. புதர்க் கொம்பில் கையகல அடை கட்டுவது கொம்புத்தேன், கொஞ்சம்தான் கிடைக்கும். சுவர் விரிசலில் குடியிருக்கும் கொசுத்தேனீயின் தேன் புளிப்பு. மருந்துக்கென்று கரண்டிக் கணக்கில் எடுத்து வைத்திருப்பார்கள். இனத்தோடு பூவும் சேர்ந்து சுவையை மாற்றும். நாவல் பூத்த காலத்துத் தேனில் துவர்ப்பும் கசப்பும் ஏறும். புளியும் புங்கமும் வேம்பும் தங்கள் தங்கள் முறையில் தலைகாட்டும். நாலு கிண்ணத்தில் நாலு தேனை ஊற்றி, நடுநடுவே ஒரு வாய் வெந்நீர் குடித்து நக்கிப் பார்த்தவர் பிறகு கடைப் பாட்டில் தேனை நம்புவது கடினம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தேனில் நீர் அதிகமானால் அது தானாகவே நுரைத்துப் புளிக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதி பொதுவாக ஈரப்பதத்துக்கு 20 சதவீதம் என்று எல்லை வைப்பது அதனால்தான். காட்டுத் தேன் பல சமயம் அந்த எல்லையைத் தாண்டி நிற்கும். மூங்கில் குழாயில் ஊற்றி மூடிவைத்த மலைத்தேன் தேறலானதற்கு மந்திரம் எதுவும் தேவைப்பட்டிருக்காது, ஈரமும் காத்திருப்பும் போதும். அன்றைக்கு மலைபடுகடாமின் குறவர் புளிக்க விட்டதை இன்றைக்கு நாம் புளிக்காமல் ருசிக்கிறோம். தேன் உறைந்துபோனால் சர்க்கரை கலந்தது என்று சண்டைக்குப் போகாதீர்கள், நல்ல தேனும் உறையும். தண்ணீரில் சொட்டு விட்டுப் பார்ப்பது, திரியில் தோய்த்துக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகளாலும் கலப்படத்தை உறுதியாகப் பிடிக்க முடியாது. ஜமுனாமரத்தூரில் பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கம் தேனை வாங்கி வடிகட்டி விற்கிறது. அங்கேயே வாங்குவது மேல்.

வழிகாட்டி யார் என்பதுதான் கடைசிக் கேள்வி, எல்லாவற்றிலும் பெரியதும் அதுவே. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களைப் பலிகொண்ட பிறகு, அனுமதியில்லாத மலையேற்றத்தை வனத்துறை இறுக்கியது. 2024 அக்டோபரில் மாநில அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் உள்ளூர், பழங்குடி இளைஞர்களைப் பயிற்றுவித்து வழிகாட்டிகளாக வைத்தது. அந்த ஏற்பாடு நல்லது. நெல்லிவாசல்நாட்டின் ஊர்களைச் சுற்றி இருப்பது காப்புக்காடு, அதற்குள் அனுமதியில்லாமல் கால்வைக்கக்கூடாது. ஆனால் ஊருக்குள், வயல் வரப்பில், மரத்தடிச் சாமிகளிடையே, ஒரு வீட்டு அடுப்படி வரை நடக்க வனத்துறைப் பாதை எதுவும் தேவையில்லை. ஊர்ப் பெரியவர்களின் சம்மதமும் ஊர்ப் பையனோ பெண்ணோ ஒருவரின் துணையும் போதும். ஒரு காலத்தில் சந்தன மரம் இந்த மலையின் செல்வம். திருப்பத்தூர்ச் சந்தனக் கிடங்கின் ஏலத்துக்கு நாடெங்குமிருந்து ஆள் வரும். மரம் போன பிறகு, மலை இளைஞர்கள் கூலிக்காக வெளி மாநிலங்களுக்குப் பேருந்து ஏறுகிறார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திரத்துச் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். சொந்த ஊரின் பாதையைக் காட்டி ஒருநாள் கூலி சம்பாதிக்க முடியுமானால் அது அற்பக் காரியமில்லை.

இரவு தங்க முடிந்தால் இருண்ட வானத்தைப் பாருங்கள். இதே மலையின் ஆலங்காயம் பக்கத்தில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பது வெறும் தற்செயலில்லை. 1977-இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று காட்டிய அவதானிப்புகளில் காவலூருடையதும் ஒன்று. விடுதி விளக்குகள் பெருகினால் இந்த இருட்டும் போய்விடும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நாலைந்து பேருக்கு மேல் போகாதீர்கள். அறுவடை பார்க்க ஐப்பசி, கார்த்திகை. தேனுக்குச் சித்திரை, வைகாசி. மலைக்கு மது பாட்டில் கொண்டுபோகாதீர்கள், அங்கே கேட்கவும் வேண்டாம். சாப்பாடு போட்ட வீட்டுக்கும் வழி காட்டியவருக்கும் பணத்தை நேராகக் கையில் கொடுங்கள். சாமையும் தேனும் வாங்கும்போது அவர்கள் சொல்லும் விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.