தீம் ஏன் பாதி மட்டும் மாறுகிறது?

லினக்ஸ் கணினியின் க்னோம் முகப்புக்குப் புதுத் தீம் ஒன்றை இறக்கி, ஜிப்பைப் பிரித்துப் போட்டால், பல நேரம் திரையில் பாதிதான் மாறும். பிழைச் செய்தியும் வராது. தீம் ஒரே பொருள் அல்ல, நான்கு தனித்தனிப் பொருள்கள் என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

ஜன்னல்களையும் பொத்தான்களையும் வரைவது ஜிடிகே தீம். மேல் பட்டையும் அறிவிப்புகளும் ஷெல் தீமின் வேலை. ஐகானுக்கு ஒன்று, கர்சருக்கு ஒன்று. முதல் இரண்டும் நம் ஹோம் ஃபோல்டரில் '.தீம்ஸ்' என்ற இடத்துக்குப் போக வேண்டும். மற்ற இரண்டும் '.ஐகான்ஸ்' ஃபோல்டருக்கு. பெயர் புள்ளியில் தொடங்குவதால் இவை மறைந்திருக்கும். கன்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். அந்த ஃபோல்டர்கள் இல்லாவிட்டால் நாமே உருவாக்கலாம்.

அடுத்த சிக்கல் அடுக்கில் இருக்கிறது. '.தீம்ஸ்' உள்ளே தீமின் பெயரில் ஒரு ஃபோல்டர். அதைத் திறந்ததுமே 'ஜிடிகே-3.0', 'க்னோம்-ஷெல்' போன்றவை கண்ணில் பட வேண்டும். ஜிப்பைப் பிரிக்கையில் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் நடுவே வந்துவிட்டால், தீமைத் தேர்ந்தெடுக்க உதவும் ட்வீக்ஸ் செயலியின் பட்டியலில் அது வராது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சிஎஸ்எஸ்தான். வலைப்பக்கத்துக்கு நிறமும் ஓரமும் சொல்லும் அதே வகை எழுத்து. டெக்ஸ்ட் எடிட்டரிலேயே படிக்கலாம்.

ஷெல் தீமைத் தேர்ந்தெடுக்க 'யூசர் தீம்ஸ்' எக்ஸ்டென்ஷனும் வேண்டும். க்னோம் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வெளியிடுவதால், பழைய ஷெல் தீம் புதியதில் உடைந்துபோகலாம். பதிப்பு எண்ணைப் பார்த்தே இறக்குங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் சில செயலிகள் மாறாது. 2022 மார்ச்சில் வந்த க்னோம் 42 முதல், பல செயலிகள் லிப்அட்வைதா நூலகத்துக்கு மாறின. அது நாம் தேர்ந்தெடுத்த ஜிடிகே தீமைப் பொருட்படுத்தாது. வெளித் தீம்கள் தங்கள் செயலிகளின் தோற்றத்தைக் குலைக்கின்றன என்று உருவாக்குநர்கள் சிலர் 2019இலேயே திறந்த கடிதம் எழுதியிருந்தார்கள். ஃப்ளாட்பேக் செயலிகளோ தனி அடைப்புக்குள் ஓடுவதால், அனுமதி தராதவரை அவற்றுக்கு '.தீம்ஸ்' தெரியாது.

தன் கணினி தன் ரசனைப்படி இருக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. முதன்முறை முயல்பவர்கள் ஐகான் தீமில் தொடங்குவது நல்லது. அதற்கு ஃப்ரீடெஸ்க்டாப் வகுத்த பொது விதி உண்டு. கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ முகப்புகளும் அதையே பின்பற்றுகின்றன. ஐகான் தீம் சரியாக வந்த பிறகு ஜிடிகே, கடைசியாக ஷெல் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எங்கே தவறுகிறது என்பது உடனே பிடிபட்டுவிடும்.